உங்கள் கால்... எங்கள் கோல்!

இந்த வாரம்: இந்திய மகளிர் கால்பந்து அணி

திண்டுக்கல் வாசகர்: இந்தியாவுக்குப் பெண்கள் கால்பந்து அணி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா சார்?

டிவியில் வராததெல்லாம் இல்லாதது ஆகிவிடுமா? 2025 ஜூலை 5-ம் தேதி சியாங் மாய் நகரில், தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று சாய்த்து ஆசியக் கோப்பைக்குள் நுழைந்த அணி அது. தரவரிசையில் அப்போது தாய்லாந்து 46, நாம் 70. இரண்டு கோலையும் போட்டவர் மேற்கு வங்கத்துக் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். அதற்கு முன் மங்கோலியாவுக்கு 13, கிழக்குத் திமோருக்கு 4, ஈராக்குக்கு 5. ஆக நாலு மேட்சில் போட்டது 24 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று. தகுதிச்சுற்றில் ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது இதுதான் முதல் தடவை.

மதுரை வாசகி: ஆண்கள் அணி உசத்தியா, பெண்கள் அணி உசத்தியா?

அதே 2025 ஜூலையில் ஆண்கள் இருந்த இடம் 133. அவர்களுடைய 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. 'இரண்டும் வேறு வேறு பட்டியல், ஒப்பிடக்கூடாது' என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் அணியின் ரசிகர்கள்!

தஞ்சாவூர் வாசகர்: அப்படியானால் இப்போதுதான் தலையெடுக்கிறார்கள், இல்லையா?

இரண்டாவது தடவையாகத் தலையெடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 1975-லேயே பெண்களுக்கென்று தனிச் சம்மேளனம் இருந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் 'இந்தியா எஸ்', 'இந்தியா என்' என்று இரண்டு அணிகளை இறக்கினோம். எஸ் அணி ஃபைனல் வரை போய் சீன தைபேயிடம் 0-2 என்று தோற்றது. 1981-ல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடி இரண்டாம் இடம். அந்த ஆண்டே சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. கால்பந்துக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கோழிக்கோட்டில் ஆடிய அணிகளில் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியா. நாடுகூட இல்லை, ஒரு மாநிலம். போட்டிக்கு ஆள் சேர்த்தால் போதும் என்றிருந்த காலம் அது. சீனா முதன்முதலாகக் களமிறங்கியது 1986-ல்தான். வந்த வேகத்தில் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது.

சேலம் வாசகர்: இரண்டாம் இடத்திலிருந்து எப்படி சார் சறுக்கினோம்?

நாம் சறுக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றோம். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஜப்பான் 1989-ல் பெண்களுக்கு லீக் தொடங்கியது. 1991-ல் சீனாவில் முதல் மகளிர் உலகக் கோப்பை நடந்தது. இங்கே அந்தத் தனிச் சம்மேளனம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்குள் அடங்கியது. பெரிய வீட்டில் கடைக்குட்டிக்கு என்ன கவனிப்போ, அதே கவனிப்புதான் பெண்கள் அணிக்கும். 2009-ல் ஃபிஃபா, தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்களை எடுத்துவிட்டது. தோற்றதற்காக அல்ல; பதினெட்டு மாதத்துக்கு மேல் ஒரு சர்வதேச மேட்ச்கூட ஆடாததற்காக! தோற்றால் கடைசி இடமாவது கிடைக்கும். ஆடாவிட்டால் அதுவும் கிடையாது.

நாகப்பட்டினம் வாசகர்: போயும் போயும் பங்களாதேஷிடம் தோற்கிறார்களே, அசிங்கமாக இல்லையா?

தெற்காசியக் கோப்பையை 2010, 2012, 2014, 2016, 2019 என ஐந்து முறை வரிசையாக வென்றபோது பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று நாம் எட்டிப் பார்க்கவில்லை. பங்களாதேஷ் 2011-லேயே ஆரம்பப் பள்ளிச் சிறுமிகளுக்கு நாடு தழுவிய போட்டி தொடங்கியிருந்தது. மைமன்சிங் மாவட்டத்துக் கல்சிந்தூர் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்தே தேசிய அணிக்கு வரிசையாக ஆள் வந்தார்கள். 2022, 2024 இரண்டு கோப்பையும் அவர்களுக்கு. முதல் கோப்பையோடு டாக்காவில் இறங்கியபோது கூரை இல்லாத மாடிப் பேருந்தில் ஊர்வலம் போனார்கள். நாம் இரண்டு தடவையும் அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்று வீடு திரும்பினோம். ஐந்தாம் வகுப்பில் மேட்ச் ஆடியவளுக்கும் பதினைந்து வயதில் பந்தைப் பார்த்தவளுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அசிங்கம் தோல்வியில் இல்லை, அந்தப் பாடத்தைப் படிக்காமல் இருப்பதில்தான்.

கோவை வாசகி: 2022-ல் எல்லாமே நம் நாட்டில்தானே நடந்தது? ராசி சரியில்லையோ?

பழியை ராசி மேல் போட்டால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும். ஜனவரியில் ஆசியக் கோப்பை நவி மும்பையில் நமக்குத் தொடங்கியது. ஈரானுடன் 0-0. அடுத்த மேட்ச் சீன தைபேயோடு. அதற்குள் முகாமில் கொரோனா புகுந்தது. விதிப்படி வேண்டிய 13 பேரைத் திரட்ட முடியவில்லை. போட்டியிலிருந்து விலகியதாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு, ஈரானுடன் ஆடிய மேட்சையும் அழித்துவிட்டார்கள்.

இதைக்கூட வைரஸ் தலையில் கட்டலாம். ஆகஸ்டில் நடந்தது முழுக்க மனிதர் வேலை. சம்மேளனத்தின் உள்விவகாரம் முற்றி ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. அப்போது கோகுலம் கேரளா பெண்கள் அணி, ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் பெட்டியோடு இறங்கியிருந்தது. நாட்டுக்குத் தடை என்றால் கிளப்புக்கும் தடை. மைதானத்தை மிதிக்காமலே திரும்பினார்கள். நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கள் ஒரு பக்கம், தண்டனை அனுபவித்தவர்கள் இன்னொரு பக்கம். தடை அந்த மாதக் கடைசியிலேயே நீங்கிவிட்டது. கைநழுவிய அந்த மேட்ச் திரும்பி வரவில்லை.

விருதுநகர் வாசகர்: ஜெயித்தால் பாராட்டு விழா வைக்கிறார்களே, அது போதாதா?

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இங்கே நடந்தபோது நம் கேப்டன் அஷ்டம் ஓராவ். ஜார்க்கண்டின் கும்லா மாவட்டம். கேப்டன் வீட்டுக்கு ரோடே இல்லையே என்று அரசாங்கம் விழித்துக்கொண்டு ரோடு போட்டது. அந்த ரோட்டு வேலையில் தினக்கூலிக்குக் கல் சுமந்தவர்களில் அந்தப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். மகளுக்கு மரியாதை, பெற்றோருக்குக் கூலி. இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. நடத்துகிற நாடு என்பதால் கிடைத்த இடத்துக்கும், சியாங் மாயில் ஆடிப் பிடித்த இடத்துக்கும் உள்ள தூரம் இப்போது புரிகிறதா?

வேலூர் வாசகி: எப்போது பார்த்தாலும் அணியில் மணிப்பூர்ப் பெண்களாக இருக்கிறார்களே, ஏன்?

அங்கே பேட்டைக்குப் பேட்டை கிளப் உண்டு, ஆடுகிறவளுக்கு மணிப்பூர் போலீஸில் வேலையும் உண்டு. ஒய்னம் பெம்பெம் தேவி அங்கிருந்து வந்து இந்தியாவுக்குக் கேப்டனாகி, 2017-ல் அர்ஜுனா, 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரைப் பார்த்து அடுத்த தலைமுறை வந்தது. மற்ற மாநிலங்கள் திறமையைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் மணிப்பூர் மேட்ச் நடத்திக்கொண்டிருந்தது. ரகசியம் அவ்வளவுதான்.

கடலூர் வாசகர்: நம் ஊர்ப் பெருமையைப் பற்றி வாயே திறக்க மாட்டீர்களா?

திறந்துவிட்டேன் ஐயா. தேசிய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் உங்கள் கடலூர்தான். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் பந்தை ஓரமாக வைத்துவிட்டுத் தெருவில் டியூட்டி பார்த்தவர். சந்தியா ரங்கநாதன் பக்கத்துப் பண்ருட்டி. பலாப்பழத்துக்குப் பேர்போன ஊர் ஒரு ஃபார்வர்டையும் கொடுத்திருக்கிறது! மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. சீனியர் தேசியப் போட்டியில் 2018-ல் மணிப்பூரை, 2023-ல் ஹரியானாவைத் தோற்கடித்து தமிழ்நாடு இரண்டு முறை சாம்பியன். இந்த நாலு வரியில் எத்தனை உங்களுக்கு முன்பே தெரியும்? உண்மையைச் சொல்லுங்கள்.

திருச்சி வாசகி: வெளிநாட்டு கிளப்பில் நம் பெண்கள் ஆட முடியுமா?

ஆடியே காட்டிவிட்டார்கள். பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் கையெழுத்துப் போட்டார். மனிஷா கல்யாண் 2021-ல் மனாஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராகவே ஒரு கோல் போட்டார். மேட்ச் 1-6 என்று கைவிட்டுப் போனாலும் அந்த ஒன்று சாமானியமா? மறு வருடம் சைப்ரஸின் அப்போலோன் கிளப்புக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

ஈரோடு வாசகர்: இதில் வருமானம் உண்டா? மகளை நம்பி அனுப்பலாமா?

தந்தையின் கவலை நியாயமானது. லீக்கின் மேல்மட்ட கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருடம் 3.2 லட்சமாவது தரவேண்டும் என்று 2023-ல் சம்மேளனம் முடிவு செய்தது. மாதக் கணக்கில் 27 ஆயிரத்துக்கும் கீழே. அதனால்தான் போலீஸ், ரயில்வே, எல்லைக் காவல் படை வேலைகளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளத்தைவிட எனக்குப் பெரிய கவலை மேட்ச் கணக்கு. 2016-17-ல் தொடங்கிய லீக், பல வருடம் ஒரே ஊரில் எல்லோரையும் கூட்டி, சில வாரத்தில் முடித்து அனுப்புகிற திருவிழாவாகவே நடந்தது. 2023-24-ல்தான் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. 2024-25-ல் எட்டு அணி. ஆளுக்கு 14 மேட்ச். வருடத்தில் 52 வாரம் இருக்கிறது. மீதி 38 வாரம் அந்தப் பெண் என்ன செய்வாள்? பயிற்சி செய்யலாம்தான். பயிற்சியில் எதிராளி உங்கள் தோழி. காலை வாரிவிட மாட்டாள்.

கும்பகோணம் வாசகர் (வயது 74): பெண்களுக்கு இந்த முரட்டு ஆட்டம் உடம்புக்கு ஆகுமா?

தாத்தா, இதையேதான் 1921-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கமும் சொன்னது. முந்தைய வருடம் லிவர்பூலில் பெண்கள் மேட்சுக்கு 53 ஆயிரம் பேர் திரண்டார்கள். அடுத்த டிசம்பரில், 'பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அல்ல' என்று தன் மைதானங்களைச் சங்கம் சாத்திவிட்டது. தடை நீங்க அரை நூற்றாண்டு ஆனது. அந்தச் சங்கத்தின் ஆண்கள் அணி பெரிய கோப்பை தூக்கியது 1966-ல், அதோடு சரி. பெண்கள் 2022, 2025 இரண்டு யூரோ கோப்பையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். உடம்புக்கு ஆனது பெண்களுக்கு. ஆகாமல் போனது சங்கத்தின் வாதத்துக்கு!

சென்னை வாசகர்: உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் ஆடுவதை எப்போது பார்க்கலாம்?

ஜோசியம் எனக்கு வராது. கணக்கு கொஞ்சம் வரும். 2026 ஆசியக் கோப்பையில் 12 அணி. அதில் ஆறு அணிகளுக்கு 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கு நேரடி டிக்கெட். அந்தப் போட்டியில் முதல் பாதிக்குள் வந்தால் உலகக் கோப்பை, அவ்வளவுதான் தூரம். ஆனால் நமக்கு வாய்த்த குரூப்பில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே. மூன்றுமே பெண்களுக்கு வருடக்கணக்காக லீக் நடத்துகிற இடங்கள். இன்று பத்து வயதில் இருக்கும் ஒரு சிறுமிக்கு வாரம் ஒரு மேட்ச் என்று பத்து வருடம் கிடைத்தால், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவே வேண்டாம். கிடைக்காவிட்டால், அடுத்த பத்து வருடமும் இதையே கேட்கலாம். பதில் எழுத நான் தயார்.

தேனி வாசகி: என் மகள் பையன்களோடு தெருவில் பந்து உதைக்கிறாள். அக்கம்பக்கம் ஒரு மாதிரி பேசுகிறது. என்ன செய்ய?

ஒரு ஜோடி ஸ்டட்ஸ் வாங்கிக் கொடுங்கள் அம்மா. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய், 'பெண்களுக்கு டீம் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 'இந்த வருடம் எத்தனை மேட்ச் ஆடினீர்கள்' என்று கேளுங்கள். அக்கம்பக்கம் கிடக்கட்டும், மேட்சுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குப் பார்வையாளர்கள் குறைவு!