கள ஆய்வில் சிக்கிய குடும்பத் தலைவர்

பிள்ளை பொறியியல் படித்தால் வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் போடும். மருத்துவம் படித்தால் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்கும். சமூகவியல்தான் பெற்றவர்களுக்குச் சேதாரமில்லாத படிப்பு என்று நம்பும் அப்பாக்களுக்கு இந்த எச்சரிக்கை.

சமூகவியல் முன்னோடிகளான மார்க்ஸ், வெபர், துர்கைம் மூவரும் வகுப்பறைக்குள் அடங்கிக் கிடக்க வேண்டியவர்கள். நாட்டு நலப்பணித் திட்டம் அவர்களை வெளியே அவிழ்த்துவிடுகிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும்; ஏழு நாள் முகாமும் உண்டு.

முகாம் கிராமத்தில் நடந்தவரை நான் பெரிய ஆதரவாளன். சமூகவியல் படிக்கும் என் மகளும் தோழிகளும் வாய்க்கால் தூர்வாரினார்கள். பிறகு வீடு வீடாகப் போய், யார் முதலில் எழுவது, யார் தண்ணீர் எடுப்பது, யார் கடைசியில் சாப்பிடுவது என்று கேட்டுப் படிவத்தில் எழுதினார்கள். "தூர்வாறதோட நின்னா அது வெறும் சேவைப்பா. அந்தத் தெரு வாய்க்கால் மட்டும் ஏன் அடைக்குதுன்னு கேட்டு, பாடத்தோட பொருத்திப் பார்த்தாத்தான் படிப்பு" என்றாள். "நாடு உருப்படும்!" என்று சாய்வு நாற்காலியிலிருந்தே ஆசீர்வதித்தேன்.

அடுத்து அதே படிவம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நகரக் குடும்பம் வேண்டுமாம்.

"காலையில ஆறிலிருந்து எட்டு வரைக்கும் என்னப்பா செஞ்சீங்க?"

"பேப்பர் படிச்சேன்."

"அம்மா?"

அதற்குப் பக்கம் போதவில்லை. தாளைத் திருப்பினாள்.

"வீட்டு வேலையில உங்க பங்கு?"

"மேற்பார்வை" என்றேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையாம்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வை எடுத்து நீட்டினாள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் உழைக்கிறார்கள், ஆண்கள் 97. அதுவும் ஈடுபடுகிற ஆண்களின் கணக்கு. ஈடுபடுவதே நூற்றுக்கு 26 பேர்தான்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீதி 74 பேர் என் கட்சி. ஜனநாயகத்தில் இதற்கு அமோக வெற்றி என்று பெயர்.

"அந்த 74 பேர்ல ஆறு வயசுப் பையன்களும் சேர்த்திப்பா" என்றாள் மகள்.

அவள் புத்தகத்திலேயே ஆயுதம் தேடினேன். சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் கை கொடுத்தார். தனிமனிதத் தொல்லைகளைச் சமூகப் பிரச்சினைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1959லேயே எழுதி வைத்திருக்கிறார், புண்ணியவான். "பார்த்தியா! நான் காபி டம்ளர் கழுவாதது சோம்பல் இல்லை. சமூக அமைப்பு!"

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சரிங்க, அந்தச் சமூக அமைப்பைக் கொஞ்சம் எழுந்து வந்து பாத்திரம் தேய்க்கச் சொல்லுங்க. சிங்க்ல குவிஞ்சு கிடக்கு."

தேய்த்தேன். குக்கரில் அடிப்பிடித்ததுகூட மிச்சமில்லாமல் தேய்த்தேன். பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்த மகள், சற்று யோசித்து அதை அடித்துவிட்டாள்.

"என்னம்மா அநியாயம்!"

"ஆய்வு பண்றவங்க பார்க்குறாங்கன்னு தெரிஞ்சா ஆளு நடந்துக்கிற விதமே மாறிடும்ப்பா. ஹாதார்ன் விளைவுன்னு பேரு. இது கணக்குல செல்லாது."

"கணக்குல செல்லாட்டிப் போகுது" என்றாள் மனைவி. "நீ தினமும் இப்படியே பக்கத்துல நின்னு பாரும்மா."