தூங்குவதற்கும் கட்டணம்

மச்சானும் நானும் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கினோம். இட்லி மாவை வீடு தேடி அனுப்புவதாகத் திட்டம். மாவு புளித்தது, திட்டமும் புளித்தது. மிச்சம் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் மாடிப்படி அடியில் மாட்டிய பெயர்ப்பலகையும்தான். பலகைக்குப் பின்னால் ஒரு பல்லி குடித்தனம் நடத்துகிறது. பதிவு அலுவலகத்தில் தவறாமல் ஆஜராவது அது ஒன்றுதான்.

"வியாபாரமே இல்லையே, எதுக்கு சார் கணக்கு?" என்றேன் ஆடிட்டரிடம்.

"இல்லைங்கிறதையும் கணக்கா எழுதிக் காட்டணும் தம்பி."

காட்டாவிட்டால் நிதிநிலை அறிக்கைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், ஆண்டறிக்கைக்குத் தனியாக 100. உச்சவரம்பு கிடையாது. நான் தூங்கும்போதும் ஓடுகிற ஆட்டோ மீட்டர். தொடர்ந்து மூன்று ஆண்டு காட்டாவிட்டால் ஐந்தாண்டுக்கு இயக்குநர் தகுதி போய்விடுமாம். அந்தத் தகுதி எப்போது இருந்தது என்று வீட்டில் கேட்டார்கள்.

2013 கம்பெனிச் சட்டம் இரண்டு வழி காட்டுகிறது. 455-ஆம் பிரிவின்படி 'செயலற்ற கம்பெனி' என்று அந்தஸ்து வாங்கலாம். அப்புறமும் தூங்குகிறேன் என்று வருஷாவருஷம் எழுதித் தர வேண்டும். 248-ஆம் பிரிவின்படி கம்பெனிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லலாம். அதற்கு 10,000 ரூபாய், கூடவே பழைய பாக்கிப் படிவங்கள். தொடங்க ஆன செலவைவிட மூட ஆகும் செலவு அதிகம்.

கணக்கைப் பார்த்துவிட்டு மச்சான் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: "மறுபடி மாவே அரைச்சா என்ன மாப்ளே?"