நாயின் காலைப் பிடிப்பது எப்படி?

முதலில் 'வயசாயிடுச்சு' என்று சொல்லிப் பழகுங்கள். பத்து வயது லாப்ரடார் ஜிம்மி சோபாவில் ஏறத் தயங்குகிறதா? வயசாயிடுச்சு. தூங்கி எழுந்ததும் பின்னங்கால் விறைத்துக்கொண்டு, வாசல்வரை நடந்த பிறகுதான் இளகுகிறதா? வயசாயிடுச்சு. இடுப்பு மூட்டுத் தேய்மானம், முழங்கால் தசைநார்க் கிழிசல், முதுகுத்தட்டு விலகல் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல் போதும். எக்ஸ்ரே செலவு மிச்சம்.

"வலிச்சா கத்தாதா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் கத்தாது. நாள்பட்ட மூட்டுவலி உள்ள நாய் நடையில் பின்தங்கும், தொட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஒரே மூட்டை நாளெல்லாம் நக்கிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கவனிக்கப் பொறுமை வேண்டும். நமக்கு அது கிடையாது. ஆகவே போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நேராக மசாஜில் இறங்குவோம்.

எண்ணெய் இல்லாமல் மசாஜா? அலமாரியைத் திறந்தால் நீலகிரித் தைலம், தலைவலித் தைலம், கிரிக்கெட் ஆடும் பையனின் ஸ்ப்ரே எல்லாம் வரிசையாக இருக்கும். தாராளமாகப் பூசுங்கள். நீங்கள் கை கழுவி வருவதற்குள் ஜிம்மி அத்தனையையும் நக்கி முடித்திருக்கும். கற்பூரமும் மீதைல் சாலிசிலேட்டும் நாயின் வயிற்றுக்குள் போனால் வாந்தியில் தொடங்கி வலிப்புவரை வரலாம். அதற்கு மருத்துவமனை ராத்திரியிலும் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. உண்மையில் நாய்க்கு எண்ணெயே வேண்டாம். கை வழுக்கிப் போவதற்குத்தான் உடம்பு முழுக்க முடி இருக்கிறதே.

கூடவே அப்பாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்துத் தயிர்சாதத்தில் வைக்கும் வழக்கமும் உண்டு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக் கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டம்கூட்டமாக மடிந்ததால், 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். "கழுகுக்குத்தானே ஆகாது, நம்ம ஜிம்மிக்கு என்ன?" என்று கேட்பவர் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர்தான் மாத்திரையை உடைப்பவர்.

இப்போது கைக்கு வேலை. பளபளக்கும் டைல்ஸ் தரையில் நாயை மல்லாத்திப் போட்டு, இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் இடுப்பை அமுக்க வேண்டும். வலி இடுப்பில்தானே?

கிண்டலை ஒரு பத்திக்கு ஓரமாக வைக்கிறேன், ஏனென்றால் இந்த இடம்தான் முக்கியம். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை எப்போதுமே முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. அந்த முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் இடையே எலும்போடு எலும்பு சேரும் மூட்டு கிடையாது. நமக்கு இருப்பதுபோல முழுமையான காறை எலும்பு நாய்க்கு இல்லை. தசைகள்தான் மார்புக்கூட்டைத் தாங்கி நிற்கின்றன. பின்னங்கால் வலிக்கிறதென்றால் நாய் எடையை இன்னும் முன்னுக்குத் தள்ளும். தோளும் கழுத்தும் மாதக்கணக்கில் இரட்டை வேலை பார்த்து இறுகிப்போகும். தேய்ந்த இடுப்பு மூட்டை எந்த மசாஜும் திரும்ப வளர்க்காது; இறுகிய தோளை இளக்க உங்கள் கையால் முடியும். எனவே ஜிம்மியை அதன் படுக்கையிலேயே, அதற்குப் பிடித்த பக்கமாகப் படுக்க விட்டு, தட்டையான உள்ளங்கையால் கழுத்திலிருந்து பின்பக்கம்வரை மெதுவாக நீவுங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தக் கூடாது, அதன் இரு பக்கமும் உள்ள சதையில்தான் கை போக வேண்டும். பிறகு தோளுக்கு வந்து நின்று, சின்னச் சின்ன வட்டங்கள். பழக்கடைக்காரர் முறைக்காத அளவுக்கு மாம்பழத்தை எப்படி அமுக்கிப் பார்ப்போமோ, அவ்வளவுதான் அழுத்தம். ஐந்து பத்து நிமிடம் போதும். தினமும் இப்படித் தடவும் கைக்கு, நேற்று இல்லாத சூடும், புதிதாக முளைத்த கட்டியும், ஒரு தொடை மட்டும் மெலிந்துவருவதும் தானாகத் தெரியவரும். என்னைக் கேட்டால், மசாஜில் பாதிப் பலன் இந்தக் கண்டுபிடிப்புதான்.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். நாய் கொட்டாவி விட்டால் சுகத்தில் விடுகிறது என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். உதட்டை நக்கினாலும் சுகம், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலும் சுகம். இவை 'போதும், விடு' என்பதற்கான நாகரிகமான வேண்டுகோள்களாக இருக்கலாம் என்ற சந்தேகமே வரக் கூடாது. எழுந்து போனால் "உனக்காகத்தானேடா செய்யறேன், படு!" என்று இழுத்து வாருங்கள். உறுமினால் அதட்டுங்கள். நன்றாக அதட்டி வளர்த்த நாய் அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும்.

காய்ச்சலாக இருந்தாலும் விடாதீர்கள். நாயின் உடம்பு சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்தெல்லாம் காய்ச்சலைச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்ததும் வீட்டில் யாரும் முன்வரப் போவதில்லை. நேற்றுவரை ஓடிய டாஷண்ட் இன்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வருகிறதா? நீவிவிட்டால் சரியாகும் என்று காத்திருங்கள். முதுகுத்தட்டு விலகித் தண்டுவடத்தை நெருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சென்னையில் 1903-இலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். அது எதற்கு என்று மட்டும் யோசிக்காதீர்கள்.

மசாஜ் முடிந்ததும் சமர்த்தாக இருந்ததற்கு நாலு பிஸ்கட், ஆறிய தோசை ஒன்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 13 வயதுவரை இருந்தன, மற்றவை 11 சொச்சம். மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் ஒல்லிகளுக்குத் தாமதமாகத்தான். நம் ஜிம்மிக்கு இதெல்லாம் பொருந்தாது. அது பார்க்கிற பார்வைக்கு யாரால் தோசையை மறுக்க முடியும்?

வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போடுவது, நகம் வெட்டுவது, பாதத்தின் அடியில் வளரும் முடியைக் கத்தரிப்பது இவையும் உண்டு. ஆனால் இவற்றை வீடியோ எடுத்துப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் தவிர்த்துவிடலாம்.

இத்தனையையும் ஈஸிசேரில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கும் முழங்கால் வலிதான். அவருக்கு டைக்ளோஃபினாக் களிம்பு பூசலாம், தவறில்லை. பூசிய பிறகு அவர் வேட்டியை இறக்கி முழங்காலை மூடிக்கொள்ளட்டும். ஜிம்மிக்குத் தாத்தாவின் காலை நக்குவதென்றால் உயிர்.