கார்டு ஜோசியர்

கிளி ஜோசியருக்கு ஒரு சௌகரியம் உண்டு. சீட்டை எடுப்பது கிளி. பலிக்காவிட்டால் பழியைக் கிளி மேல் போட்டுவிடலாம். நான் சொல்லப்போகிற மனிதருக்குக் கிளி கிடையாது. கார்டு கடைக்கு வர இன்னும் மூன்று வாரம் இருக்கும். அதன் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு அவரே பலன் சொல்லிவிடுவார். பலிக்காவிட்டால் யாரையும் குறை சொல்லவும் மாட்டார். பலிக்காதது எதுவும் அவருக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை.

அவரை நான் பார்ப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில். சியாட்டில் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. வாசலில் பலகை விளையாட்டுகள், உள்ளே நீள நீள மேஜைகள். அங்கே ஆடுவது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கி, 1993இல் வெளிவந்தது. அதைத் தயாரிக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி இங்கே பக்கத்தில் ரென்டனில்தான் இருக்கிறது. அலுவலகம் பக்கத்தில் இருப்பதாலேயே நம்மவருக்கு அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தில் பாதிப் பங்கு தன்னுடையது என்று ஓர் எண்ணம்.

ரம்மியைப் போல எல்லோரும் ஒரே கட்டிலிருந்து எடுத்து ஆடுவதில்லை. அவரவர் கட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். இதுவரை வெளிவந்திருக்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளில் பொறுக்கி எடுத்து, 60 கார்டுக்குக் குறையாமல், பொதுவாக ஒரே கார்டு நாலுக்கு மேல் போகாமல் சேர்த்தால் அது ஒரு டெக். எதிராளியின் 20 உயிரையும் தீர்த்தவர் ஜெயித்தார். ஒவ்வொரு கார்டுக்கும் மானா என்று ஒரு செலவு. மானா தருவது நிலக் கார்டுகள். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் போடலாம். மாதத்துக்கு ஒரு ரூபாய் சம்பளம் ஏறுகிற உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் டீ குடிக்கலாம். கல்யாணச் செலவை ஆறாம் மாதத்துக்கு மேல்தான் வைத்துக்கொள்ள முடியும். அதற்குள் எதிராளி உங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டு போயிருப்பார். புதுக் கார்டு நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் முக்கால்வாசி இவ்வளவுதான்: இந்தச் செலவுக்கு இது தகுமா, அதுவரை நான் உயிரோடிருப்பேனா?

வருஷத்தில் பலமுறை புதுத் தொகுப்பு வருகிறது. வருவதற்கு முன் சில வாரங்கள், தினம் சில கார்டுகளாகக் கம்பெனிக்காரர்கள் வெளியே காட்டுவார்கள். நம்மவருக்கு அது மார்கழி சீசன். சாப்பாடு தூக்கம் கிடையாது. கல்லாப்பெட்டி பக்கத்து நாற்காலியில், கார்டு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளுத்துப்போன கறுப்புப் பனியன். அதில் எந்தக் காலத்திலோ நடந்த ஏதோ ஒரு போட்டியின் பெயர் பாதி அழிந்திருக்கும். அவர் உட்கார்ந்து ஆடி நான் பார்த்தது மூன்றோ நாலோ தடவை. மற்றபடி ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று மூக்கால் மூச்சு விடுவார். ஆடுகிறவர்களுக்கு அந்த மூச்சின் அர்த்தம் தெரியும்.

அவர் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் என் காதுக்குள் வந்து சேரும்போது அது எப்படியோ மேற்கு மாம்பலமாகிவிடுகிறது. அவருடைய தீர்ப்புகள் மொத்தம் மூன்று.

“அடிச்சா செத்துரும்.” இது முதல் தீர்ப்பு. எந்தப் பிராணிக் கார்டைக் காட்டினாலும் இதுதான். பத்துக்குப் பத்து பலமுள்ள டிராகனா? அடிச்சா செத்துரும். தேவதையா? அடிச்சா செத்துரும். அடித்தால் சாகாதது உலகத்தில் எது என்று ஒருநாள் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ இன்னும் புதுசு” என்றார்.

இதில் விஷயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2009 தொகுப்பு ஒன்றில் பேன்ஸ்லேயர் ஏஞ்சல் என்று ஐந்து மானா தேவதை வந்தது. பறக்கும், அடிக்கிற அடியெல்லாம் உங்களுக்கு உயிராகச் சேரும். அதே தொகுப்பில் டூம் பிளேடு என்று இரண்டு மானா கார்டும் வந்தது. கறுப்பு அல்லாத எந்தப் பிராணியையும் அது தீர்த்துவிடும். ஐந்தாம் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்து வாங்கியதை எதிராளி இரண்டு ரூபாயில் முடித்துவிட்டால், நஷ்டம் பிராணி மட்டுமல்ல, மூன்று ரூபாயும். இதற்கு எதிர்ப்பக்கம் மல்டிரிஃப்டர். அதுவும் ஐந்து மானாதான், பலம் சொற்பம். ஆனால் மேஜைக்கு வந்த உடனே இரண்டு கார்டு எடுத்துக் கொடுத்துவிடும். மொய் எழுதிவிட்டு உட்காருகிற விருந்தாளி; அப்புறம் அடித்தாலும் பிடித்தாலும் நமக்கு நஷ்டமில்லை. இந்த வித்தியாசம் நம்மவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த பேன்ஸ்லேயரை எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள், ஆட்டங்களும் ஜெயித்தார்கள். எதிராளியின் கையில் எப்போதும் டூம் பிளேடு இருப்பதில்லை என்ற சின்னச் செய்தி அவருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது தீர்ப்பு: “ஏற்கெனவே ஜெயிச்சுக்கிட்டிருந்தா, எதுக்கு இது?” முன்னணியில் இருக்கும்போது மட்டும் உதவுகிற கார்டு தண்டம் என்பது இதன் பொருள். நல்ல கேள்விதான். இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் ஒரு கார்டை நாலு நிலைமைகளில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள்: ஆட்டம் தொடங்கும்போது, இரண்டு பக்கமும் சமமாக முட்டிக்கொண்டு நிற்கும்போது, நாம் முந்தும்போது, நாம் தோற்கும்போது. பணக்காரனாக இருக்கும்போது மட்டும் கடன் கொடுக்க வருகிற மைத்துனனால் என்ன லாபம்?

மூன்றாவது தீர்ப்பு: “நல்ல கார்டுதான். டெக் எங்கே?” இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பெண்ணைப் பெற்றவரின் கவலை இருக்கும். கார்டு தனியாக ஜெயிக்காது. அதில் நாலு வைத்தாலும், மீதி 56 கார்டும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அதோடு ஊர் என்ன ஆடுகிறது என்றும் பார்க்க வேண்டும். எல்லோரும் வேகமான டெக் ஆடுகிற காலத்தில் ஆறு மானா அற்புதம் அலமாரியில்தான் தூங்கும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு தூரம் சரியாகச் சொல்கிறார் என்று பார்க்க ஆசை வந்தது. ஒரு தொகுப்பு வந்த சமயம், அவர் சொன்னதையெல்லாம் சத்தமில்லாமல் நோட்டில் எழுதி வைத்தேன். பதினேழு கார்டுக்குப் பலன் சொன்னார். பதினாறு “ஓடாது”. அதில் பதினான்கு ஓடவில்லை. அசந்துபோனேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. ஒரு தொகுப்பில் இருநூற்றைம்பதுக்கு முன்பின் கார்டுகள் இருக்கும். பெரிய போட்டிகளில் நிலைப்பது அதில் ஒரு கைப்பிடி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் “ஓடாது” என்றாலே முதல் வகுப்பில் தேறிவிடலாம். சென்னையில் தினமும் “இன்று மழை இல்லை” என்று சொல்கிறவன் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வானிலை மேதைதான். குடை இல்லாமல் நனைகிற அந்த மிச்ச நாட்களுக்கு அவனைக் கேட்பாரில்லை.

ஓடிய அந்த இரண்டைப் பற்றி நம்மவரிடம் கேட்டேன். “நான்தான் முதல்லயே சொன்னேனே” என்றார். நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. வயதில் மூத்தவர்.

சரித்திரத்தில் அவருக்குத் துணை நிறைய. 1995இல் நெக்ரோபொட்டன்ஸ் என்ற கார்டு வந்தது. வழக்கமாகக் கிடைக்கும் கார்டை விட்டுவிட வேண்டும். கூடுதல் கார்டு வேண்டுமென்றால் கார்டுக்கு ஓர் உயிர் கொடுக்க வேண்டும். “உயிரைக் கொடுத்தா கார்டு வாங்குவான்?” என்று பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசி உயிர் ஒன்று கையில் இருந்தால் போதும், மற்ற பத்தொன்பதும் செலவழிக்க வந்த காசு என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. 1996 கோடைக்கே ‘கறுப்புக் கோடை’ என்று பேர் வைக்கும்படி அந்த ஒரு கார்டு ஆடித் தீர்த்தது. 2007இல் டார்மகாய்ஃப் வந்தபோது இன்னும் வேடிக்கை. அதில் அடைப்புக்குறிக்குள் ‘பிளேன்ஸ்வாக்கர்’ என்று அதுவரை வந்திராத ஒரு கார்டு வகையின் பெயர் இருந்தது. எல்லோரும் அந்த வார்த்தையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டே மானாவுக்கு அத்தனை பெரிய பிராணி அதே கார்டில் உட்கார்ந்திருந்ததை மெதுவாகத்தான் பார்த்தார்கள். பிற்பாடு ஒரு கார்டு 100 டாலரையும் தாண்டியது. நம்மவர் இரண்டையும் முன்பே சொன்னாராம். டார்மகாய்ஃப் வந்த காலத்தில் அவர் கையில் எத்தனை இருந்தது என்று கேட்டால் மட்டும், கடையின் கூரை விசிறியைப் பார்ப்பார்.

அவரை ரொம்பவும் கேலி செய்யவும் எனக்கு வாய் வரவில்லை. கார்டை உண்டாக்குகிறவர்களுக்கே ஜாதகம் பிடிபடுவதில்லை. 2004இல் ஸ்கல்கிளாம்ப் என்று ஓர் ஆயுதம். பிராணிக்கு மாட்டினால் அடிக்கும் பலம் ஒன்று கூடும். அது செத்தால் இரண்டு கார்டு கிடைக்கும். முதலில் தாங்கும் பலத்தையும் கூட்டுவதாகத்தான் வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில், தாங்கும் பலத்தை ஒன்று குறைப்பதாக மாற்றினார்கள். கொஞ்சம் பலவீனமாக்குகிறோம் என்று நினைப்பு. பலன்? ஒற்றைப் பலம் உள்ள சில்லறைப் பிராணிகளுக்கு மாட்டியதும் அவை அங்கேயே உயிரை விட்டன; ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு கொட்டியது. பிப்ரவரியில் வந்தது, ஜூனில் ஸ்டாண்டர்ட் என்ற ஆட்ட வகையில் தடை.

2024இல் நடந்தது இன்னும் நெருங்கிய உறவுக்காரர் கதை. கார்டின் பெயரே நாடு. தமிழ் இல்லை; பறவை ஒன்றின் பெயர். உங்கள் பிராணியை ஏதாவது ஒன்று குறிவைத்தால், உங்கள் கட்டின் மேலே இருக்கும் கார்டு உங்களுக்கு. ஒரு முறைக்கு இரண்டு தடவைதான் என்று அச்சிட்டிருந்தது. நம்மவர் படித்துவிட்டு, “ரெண்டே தடவையா? ஓடாது” என்றார். நானும் தலையாட்டினேன். மறுபடி படித்தால்தான் தெரியும், அந்த இரண்டு தடவை உங்களுக்கு இல்லை, ஒவ்வொரு பிராணிக்கும். வீட்டுக்கு இரண்டு லட்டு என்று படித்தோம். அவர்கள் தலைக்கு இரண்டு லட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். 2005இல் வந்து அதிகம் பேர் சீந்தாமல் கிடந்த ஷூக்கோ என்ற ஆயுதத்தைச் செலவே இல்லாமல் பிராணிக்குப் பிராணி மாற்றி மாட்டலாம். மாட்டும்போதெல்லாம் குறி, குறிக்கெல்லாம் கார்டு. ஜூனில் வந்த நாட்டை ஆகஸ்டில் மாடர்ன் என்ற ஆட்ட வகையிலிருந்து நாடு கடத்தினார்கள். கடைசியாக மாற்றி எழுதிய வடிவத்தை யாரும் ஆடிப் பார்க்கவே இல்லை என்று கார்டை வடிவமைத்தவரே பிறகு எழுதினார். அதைப் படித்த அன்று நம்மவர் முகத்தில் கண்ட நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

எப்போதாவது ஒரு கார்டுக்கு அவர் “ஓடும்” என்பார். அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போன வருஷம் அப்படி ஒரு கார்டு. பெயரைச் சொல்ல மாட்டேன்; அதற்கும் மானம் இருக்கிறது. கண்ணை மூடி, விரலை உயர்த்தி, “இது இன்னொரு ஓக்கோ” என்றார். ஓக்கோ 2019 அக்டோபரில் வந்து, எதிராளியின் பிராணி, ஆயுதம் எல்லாவற்றையும் மான் ஆக்கி, நவம்பரில் ஸ்டாண்டர்டில் தடை வாங்கிய மூன்று மானா மகாபாவி. அந்தப் பெயரைக் கேட்டதும் என் கை தானாகப் பர்ஸுக்குப் போயிற்று. கார்டு கடைக்கு வரும் முன்பே, ஒன்று பன்னிரண்டு டாலர் வீதம் நாலுக்கு முன்பணம் கட்டினேன்.

வீட்டில் பார்சலைப் பிரித்ததும் மனைவி ஒரு கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்னங்க இது, படம் நல்லாயிருக்கே. எவ்வளவு?”

சொன்னேன்.

“ஒரு தடவை படிச்சுப் பாத்தீங்களா?”

“ஜோசியர் படிச்சார்.”

“நீங்க படிச்சீங்களா?”

படித்தேன். கடைசி வரியில், இதை உங்கள் முறையில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று இருந்தது. எதிராளியின் முறையில் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கையில்தான் ஊரே அதை வாங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் விலை எழுபது சென்ட்.

அடுத்த வெள்ளிக்கிழமை நம்மவரைப் பிடித்துக் கேட்டேன். ஆல்பத்தைத் திறந்தார். அவரிடம் அந்தக் கார்டு ஒன்றுகூட இல்லை. “நல்ல கார்டுன்னுதான் சொன்னேன். டெக் எங்கேன்னும் கேட்டேனே, கேக்கலையா?” என்றார். பிறகு கைபேசியை நீட்டினார். அன்று காலைதான் அடுத்த தொகுப்பின் முதல் கார்டைக் காட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து பார்த்தோம்.

“அடிச்சா செத்துரும்” என்றேன் நான், முந்திக்கொண்டு.

முதல் தடவையாக எனக்கு நாற்காலி நகர்த்திப் போட்டார்.

அந்த நாலு கார்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, ஒரு தடவைகூட ஆடிப் பார்க்கவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஒன்று அறுபது சென்டுக்குத் தருகிறேன், தபால் செலவு என்னுடையது.