சாந்தி உபதேசித்த இலாகாவுக்கு

மகாகனம் பொருந்திய இலாகா அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு, பினாங்கு ஆயர் ஈத்தாம்வாசி ஒருவன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது.

எங்கள் சந்துக் கால்வாய் அடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றிக் கொடுத்த மனுவின் கதியை விசாரிக்க வந்து, இலக்கச் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த பொழுது, தங்கள் முகப்பிடத்தில் அடுக்கி வைத்திருந்த துண்டுப் பிரசுரம் ஒன்றை வாசிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. தாமதத்தினால் சஞ்சலமுறும் பொதுமக்கள் கண்களை மூடி, உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் கவனித்து, கடந்ததை நினையாமலும் வருவதற்கு ஏங்காமலும் இந்தக் கணத்திலேயே நிலைத்திருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அப்படியே செய்தேன். சுவரில் சிவப்பாக ஒளிர்ந்த இலக்கமும் என்னோடு சேர்ந்து அந்தக் கணத்திலேயே நிலைத்திருந்தது. முகப்பிடத்து அம்மாள் பசியாறப் போயிருந்தார்.

தனிமனிதர் ஆயுள் முழுதும் முயன்றும் எட்டாத அந்த நிஷ்டையைத் தங்கள் இலாகா கூட்டாகவே அடைந்துவிட்டது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. கடந்த காலத்தில் தங்களுக்குப் பற்று அறவே இல்லை, இருந்திருந்தால், முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட மனுவை "எந்த மனு?" என்று அத்தனை நிர்மலமான முகத்துடன் கேட்க முடியுமா? எதிர்காலச் சிந்தையும் இல்லை. ஆகையினால்தான் தேதி என்று ஒன்றைத் தாங்கள் சொல்வதே கிடையாது.

காத்திருப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. கெக் லோக் சி ஆலயத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, அதன் ஏழடுக்குப் பகோடாவை 1930-இல்தான் முடித்தார்கள். கொடிமலைக்கு முதலில் போட்ட ரயில் பயன்படாமலே போய், 1923-இல் வேறொன்று ஓடும்வரை ஜனங்கள் பொறுத்திருந்தார்கள். ஆலயக் குளத்து ஆமைகளோ, கங்கோங் கட்டுடன் வரும் பக்தர்களை நோக்கிக் கழுத்தை நீட்டிக் காத்திருப்பதையே ஜீவனமாகக் கொண்டவை. (அவற்றுக்குக் கீரை கிடைத்துவிடுகிறது என்பதையும் சமூகம் கவனிக்க வேண்டும்.)

தங்கள் பிரசுரம் போதிக்கும், மூச்சைக் கவனிக்கும் பௌத்த பிக்ஷுக்களின் அப்பியாசத்தை 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனைப் பயிற்சியாக வகுத்த ஜான் கபாட்-ஸின் என்பவர், வைத்தியத்துக்கு வசப்படாத நாட்பட்ட வலியோடு காலந்தள்ள வேண்டியவர்களை மனத்தில் வைத்தே அதைத் தொடங்கினார். தீராத வலிக்குச் சாந்தி உசிதமானதே. எங்கள் கால்வாயின் வியாதியோ, ஓர் ஆளும் ஒரு மண்வெட்டியும் அரை நாளும் கிடைத்தால் தீர்ந்துவிடக்கூடியது. அதை அடைத்துக்கொண்டிருப்பது பூர்வ ஜன்ம கர்மம் அல்ல, ஒரு கிழிந்த மெத்தையும் சில தேங்காய் மட்டைகளும். பினாங்கையே முழுக்காட்டிய 2017 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களாகிய நாங்கள், மலைப்பக்கம் மேகம் கறுத்தால் மூச்சைக் கவனிப்பதில்லை. நாற்காலிகளைக் கட்டில்மேல் ஏற்றுகிறோம்.

எனினும் தங்கள் உபதேசத்தை நான் தள்ளவில்லை. எதிரே உள்ளதை உள்ளபடி கவனிப்பதே அதன் சாரம் என்று பிரசுரத்தின் கடைசிப் பக்கம் சொல்கிறபடியால், தாங்களே ஒரு காலைப்பொழுதில் எழுந்தருளி, எங்கள் கால்வாய் ஓரத்தில் கண்களை மூடி நின்று, மூச்சை நன்றாக ஆழ்ந்து உள்ளே இழுத்துக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மண்வெட்டியோடு ஓர் ஆளும் கூட வந்தால் விசேஷம். இருவருக்கும் தே தாரிக் எங்கள் சந்தின் செலவு.

இங்ஙனம்,
கால்வாய் ஓரத்து வாசி