குண்டூர் நாட்டில் டைம்ஸ் நியூ ரோமன்

எண்பதுகளில் கொல்லிமலையில் எங்கள் குண்டூர் நாட்டிலிருந்து ஒரு மனு போகவேண்டுமென்றால் செம்மேட்டுக்கு நடப்போம். அங்கே ஒருவர் வெள்ளைத்தாளில் எழுதித் தருவார். கோழி கிளறிய கையெழுத்து. ஆனாலும் கீழே இருந்த அதிகாரிகள் படித்துவிட்டார்கள். படித்தபின் ஒன்றும் செய்யவில்லை, அது வேறு கதை.

பிறகு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நாகரிகம் வந்துசேர்ந்தது. குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனுவைப் பாமினி எழுத்துருவில் பளிச்சென்று அடித்து மின்னஞ்சலில் அனுப்பினோம். போன் வந்தது: “ஐயா, ஏதோ இங்கிலீஷ்ல இருக்குதுங்களே?”

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் தமிழ் கழன்று விழுந்துவிடும். ‘குண்டூர்’ என்பது பெரிய எஃப், சிறிய இசட், அரைப்புள்ளி என்று தொடங்கி, இன்னோர் அரைப்புள்ளியில் போய் நிற்கும். மெய்யெழுத்துக்கு ஓர் அரைப்புள்ளி வீதம் மனு முழுக்கப் பொழிந்திருந்தது. அத்தனையும் டைம்ஸ் நியூ ரோமனில்.

குறைசொல்ல முடியாத அழகு அது. லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் அச்சு மோசம் என்று 1929-இல் கடிந்துகொண்ட அச்செழுத்து வல்லுநர் ஸ்டான்லி மாரிசனிடமே புது எழுத்துக்கான பொறுப்பு வந்தது. ‘பிளாண்டின்’ என்ற எழுத்தை மாதிரியாக வைத்து, விக்டர் லார்டென்ட் வரைந்தார். 1932 அக்டோபர் 3 அன்று நாளிதழ் அதில் வெளிவந்தது. ஒடுக்கமான பத்தியில் நிறையச் சொற்கள் கொள்ளவேண்டும், கண்ணும் வலிக்கக்கூடாது. அதனால் எழுத்தின் அகலத்தைக் குறுக்கி, சிறிய எழுத்துகளின் உடலை உயர்த்தினார்கள். தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிமாறி வரும். கோட்டின் முனைகளில் ‘செரிஃப்’ என்னும் கூரிய சிறு பாதங்கள். 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் உலகெங்கும் பரவி, வேர்டிலும் பல ஆண்டுகள் அதுவே கேட்காமல் வந்து நிற்கும் எழுத்தாக இருந்தது.

லண்டன்காரர் அவசரமாகச் செய்தி படிக்க இவ்வளவு பாடுபட்டு வரைந்த எழுத்தில், எங்கள் ஊர்ப் பெயர்கூடப் படிக்க முடியாதபடி வந்தது. கோழிக் கிளறலே தேவலை.

எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுவிட்டது. இன்னும் பாமினியில் மனு அடிப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.