எலிவேஷன் சார்

"பிரமோஷன்னு சொல்லாதீங்க சார். ரெண்டு சோப்பு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ குடுக்கிறானே, அதுக்குப் பேரு பிரமோஷன். உத்தியோகத்துக்கு எலிவேஷன்."

செங்கல்பட்டில் நாலு அரசு ஊழியர்கள் டீ குடிக்கும் இடத்தில் இவரைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் வருவாய்த் துறை உதவியாளர். அடுத்த படி துணை வட்டாட்சியர். ஹைகோர்ட் நீதிபதியாகப் போகிறவர்களை இங்கிலீஷ் பேப்பர் 'எலிவேட்டட்' என்று எழுதும். கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் அதை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து, நம்மவரின் சீனியாரிட்டி லிஸ்ட்டும் நீதித் துறை அந்தஸ்துக்குப் போய்விட்டது.

ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில், கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, அதுவும் எலிவேஷன்தானாம். அந்தக் கணக்கில் மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் விற்பவர் நமக்கெல்லாம் ஜூனியர்.

2019 நவம்பர் 29 அன்று, காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. சார் வீட்டில் கேசரி. மாவட்டம் வந்தால் கலெக்டர் ஆபீஸ் வரும். ஆபீஸ் வந்தால் நாற்காலி வரும். "ஊருக்கே எலிவேஷன்!" என்று வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் குலுக்கினார். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோதும் கேசரிதான். அவருக்கும் மாநகராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. முந்திரி நிறைய இருந்தது.

ஒருவழியாக பேனலில் பேர் வந்தது. ஆர்டரும் வந்தது. டீக்கடை பெஞ்சில் அதை விரித்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். 'பதவி உயர்வு' என்ற இடத்தில் விரல் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியது. இரண்டு வரி தள்ளி, 'செய்யூர்' என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. மாவட்டத்தில் எட்டு வட்டம். எட்டில் இதுவா?

"மதுராந்தகம் போய் பஸ் மாறணும்" என்றார், ஆர்டரைப் பழைய மடிப்பு தவறாமல் மடித்தபடி.

மறுவாரம் மனு எழுதினார்: பதவி உயர்வைத் தற்காலிகமாக உரிமை விடுகிறேன். அவர் கையால் முழுக்க முழுக்கத் தமிழில் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி வந்தார். சார் இரண்டு வருஷமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"உள்பூச்சு முடிஞ்சுது சார். எலிவேஷன் எப்ப ஆரம்பிக்கலாம்?"

சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அதையும் இப்போதைக்கு உரிமை விட்டுடலாம் மேஸ்திரி."